திருப்பி அனுப்பிய கறுப்புப் பட்டு

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ககோஷிமாவிலிருந்து பேசியபோது உன் குரலில் அத்தனை உற்சாகம். "அப்பா, அடுத்த மாசம் எங்க புரொபசர் எங்கள ஒரு தீவுக்குக் கூட்டிகினு போறாரு. அங்க சேத்துல முக்கியே பட்டுக்குச் சாயம் ஏத்துவாங்களாம். அந்தச் சேத்துல இரும்பு எவ்ளோ கீதுன்னு பாக்கப் போறோம். அமாமி ஓஷிமான்னு பேரு. பட்டுன்னா ஆரணின்னு பீத்திக்குவியே, இது தெரியுமா உனக்கு?" என்று கேட்டாய். நான் "தெரியாதேம்மா" என்றேன். மண் படிக்கப் போன பெண் எந்த மண்ணில் போய் நிற்பாளோ என்று ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். சரியாக அங்கேதான் போகிறாய். தொலைபேசியை வைத்துவிட்டுத் தறிக்கூடத்துப் பக்கம் போகாமல் தெருவழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். ஏன் அப்படிப் போனேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பேசினால் நீ கேள்வி கேட்பாய், நான் மறுபடியும் பொய் சொல்வேன். அதனால் எழுதுகிறேன்.

அந்தத் தீவைப் பற்றி இந்த ஆரணியில் என்னைவிட அதிகம் தெரிந்த ஆள் கிடையாது. நீ இருக்கும் ஊரின் துறைமுகத்தில் சாயங்காலம் கப்பல் ஏறினால் விடியும்போது அங்கே இறங்கலாம். கப்பல் கிட்டே போகும்போது முதலில் தெரிவது மலைதான், ஊர் தெரியாது. கடலிலிருந்து நேராக எழும்பும் பச்சை மலை, அதன் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் சிறு சிறு கிராமங்கள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒரு மலை. மழை எந்நேரமும் வரும். கரும்பு விளையும். ஹபு என்று ஒரு பாம்பு உண்டு, அதற்குப் பயந்து புல்லில் கால் வைக்க மாட்டார்கள். முகத்துவாரத்துச் சேற்றில், நம் பிச்சாவரத்தில் நிற்குமே, அதே கண்டல் மரம் நிற்கும். இதையெல்லாம் நான் பார்த்ததில்லை. படித்தேன். பத்தாம் வகுப்புப் பையன்களுக்குப் பானிபட்டையும் பக்சாரையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, ஒரு வருடம் முழுக்க, நான் போகப்போவதாக நினைத்து ஏமாந்த தீவைப் படித்தேன்.

நீ இப்போது குடியிருக்கும் ஊரின் பிரபுக்கள்தான் அந்தத் தீவை ஆண்டவர்கள். சத்சுமா என்று அந்த வம்சத்தின் நாட்டுக்குப் பெயர். அதற்கு முன்பு தீவு தெற்கே இருந்த ரியூக்கியூ அரசனுக்குக் கட்டுப்பட்டிருந்தது. அப்போது பூசாரிகள் எல்லாம் பெண்கள்தான். பிரபுக்கள் வந்து நெல் வயலை அழித்துக் கரும்பு நடச் சொன்னார்கள். தன் வயல் கரும்பை உடைத்து வாயில் வைத்தவனுக்குச் சவுக்கடி. சோற்றுக்கு வழியில்லாத ஜனங்கள் ஈச்சைபோல நிற்கும் ஒரு மரத்தின் கொட்டையை, அதில் விஷம் இருக்கிறது என்று தெரிந்தே, பல தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். பட்டு நெய்தவர்கள் பட்டு உடுத்தக்கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள். சோதனைக்கு ஆள் வருகிற நேரத்தில் ஒரு பெண் தன் துணியை வயல் சேற்றில் புதைத்தாள், எடுத்துப் பார்த்தபோது அது மினுங்குகிற கறுப்பாக மாறியிருந்தது, அப்படித்தான் சேற்றுச் சாயம் பிறந்தது என்று அங்கே கதை சொல்வார்களாம். வரலாறு படித்தவனாக இதை நான் நம்புவதில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு எட்டு வருடம் தீவை அமெரிக்கர்கள் வைத்திருந்தார்கள். அப்போது ககோஷிமாவிலிருக்கும் சொந்த அண்ணன் தம்பியைப் பார்க்கக்கூடத் தீவுக்காரன் திருட்டுப் படகில்தான் போகவேண்டும். அண்ணன் தம்பிக்கு நடுவே கடலைப் போட்டு மூடியவர்கள் என்று அவர்களை வகுப்பில் திட்டியிருக்கிறேன். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று நீயே பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் தீவிலிருந்து ஒரு பெரியவர் ஆரணிக்கு வந்தார். சாயக்காரர். அங்கே இளைஞர்கள் ஒசாகாவுக்கும் டோக்கியோவுக்கும் போய்விடுகிறார்கள், பட்டு தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிப்போய்த் தன் வேலையைக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை. தெருவிலேயே இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எம்.ஏ. படித்த நெசவாளி மகன். நான்கு நாள் அவருடன் வீடு வீடாகப் போனேன். அவர் கொடுத்த சிறு புத்தகத்தை இரண்டாம் நாளே மனப்பாடம் செய்திருந்தேன். அவர் தீவின் மலை பெயரைச் சொல்லும் முன்பே நான் சொன்னேன். அவர் சிரித்தார். நான்தான் போகிறேன் என்று நினைத்தேன். பள்ளியில் என்னைத் தாண்டித் தலைமையாசிரியர் நாற்காலி வேறொருவனுக்குப் போயிருந்த வருடம் அது. அவன் என்னைவிட நான்கு வருடம் இளையவன். தாளாளரின் மச்சான் என்பது ஒன்றுதான் அவனுடைய தகுதி. இன்னமும் அவன் முகத்தைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

நான்காம் நாள் பெரியவர் நம் தறியருகே உட்கார்ந்து, நீளவாக்கில் ஓடும் பாவில் இரண்டு இழையைத் தானே அறுத்துவிட்டு, என்னையும் உன் சித்தப்பாவையும் ஆளுக்கொன்றாகப் பிணைக்கச் சொன்னார். நான் முதலில் முடித்தேன். அவன் இழையை எச்சில் தொட்டு உருட்டி, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி உருட்டி, ஆற அமர முடித்தான். பெரியவர் என்னிடம் இங்கிலீஷில் பேசினார். "ண்ணா, இன்னா சொல்றாரு?" என்று உன் சித்தப்பா கேட்டான். அவன் பத்தாவது பெயில். நான்தான் மொழிபெயர்க்கவேண்டும். "என் கை அவசரப்படுதாம். உன் கை பொறுமையா இருக்குதாம். நீ அவர்கூடப் போவணுமாம்" என்றேன். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவன் விஷயத்தில் நான் நாணயமாக நடந்துகொண்ட கடைசித் தருணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவன் கிளம்பிய காலை உனக்கு ஞாபகம் இருக்கலாம். உனக்கு ஏழு வயது. அவன் மடியிலிருந்து இறங்கமாட்டேன் என்று அழுதாய். தாத்தா அவனுக்கு விபூதி பூசினார். நான் வாசலில் நின்றேன். "நெஜமாவே போறியா?" என்றேன். "ரெண்டே வருஷம்ண்ணா. கத்துகினு வந்துடுறேன். நீ இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சிகினுகீற?" என்றான். எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியவில்லை. "போ. நான் கூப்புடாம இந்த வாசப்படி ஏறாத" என்றேன். அவன் நான் விளையாடுவதாக நினைத்தான். "சரிண்ணா. நீ கூப்புடு, ஜல்தியா ஓடியாந்துடுறேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே சென்னை பஸ் பிடிக்கப் போனான்.

கடிதங்கள் வந்தன. நான்தான் எல்லோருக்கும் படித்துக்காட்டுவேன், தீவின் பெயர் வரும் இடத்தில் ஜப்பான் என்று மட்டும் படிப்பேன்; நீ பாதியிலேயே தூங்கிவிடுவாய். ஒரு மரத்தைச் சீவி வேகவைத்த சிவப்புத் தண்ணீரில் நூலைத் திரும்பத் திரும்ப முக்கி, பிறகு இடுப்பளவு சேற்றுக்குட்டையில் இறங்கி அலசுவார்களாம். இப்படி எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தான். "இங்க ஒரு துணிய ரெண்டு வாட்டி நெய்யணும்ண்ணா. மொதல்ல சாயம் ஏறக்கூடாத எடத்துல பருத்தி நூலு இறுக்கிப் புடிக்கிறாப்ல பாய் மாரி ஒரு வாட்டி நெஞ்சி, அத சேத்துல போட்டு எடுத்து, மொத்தத்தையும் பிரிச்சிடுறாங்க. பிரிச்ச நூல வச்சி மறுபடி நெய்யணும். நம்மூருல சொன்னா சிரிப்பாங்க." ஆலமரத்தில் குடியிருக்கும் கென்முன் என்ற பேயைப் பற்றியும் எழுதினான். சின்னப் பிள்ளை உயரம்தான், ஆனால் கால் மிக நீளம், குந்தி உட்கார்ந்தால் முழங்கால் தலைக்கு மேலே போய்விடுமாம், மீனின் கண்ணை மட்டும் தின்னுமாம். "நான் தறிக்குழியாண்ட குந்திகினு இருப்பேனே, அதே மாரி. இங்க என்னப் பாத்து கென்முன்னு கூப்புடுறாங்க" என்று எழுதியிருந்தான். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பதில் எழுதினேன். எல்லோரும் நலம் என்று எழுதினேன். வா என்று ஒருதடவையும் எழுதவில்லை. இரண்டு வருடம் முடிந்தது, மூன்றும் முடிந்தது. அவன் என் வார்த்தைக்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதவில்லை.

நான்காவது வருடம் உன் அத்தையின் கல்யாணம் நிச்சயமானது. அவளுடைய முகூர்த்தப் புடவைக்கு நம் வீட்டுத் தறியிலேயே பாவு ஏற்றியிருந்தது. முகூர்த்தப் பாவு ஏறினால், அந்தப் புடவையை அறுத்து இறக்கும்வரை, நம் வீட்டுக்குள் கறுப்பு வரக்கூடாது. உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூடப் பைகூடக் கறுப்பு என்று அந்த நாட்களில் எதிர்வீட்டில் வைத்துவிட்டு வருவாய். தாத்தா பத்திரிகை வைக்க வந்தவாசிக்குப் போயிருந்தார். மதியம் தபால்காரர் வந்தார்.

"சார், ஜப்பான் பார்சல் வந்துகீது சார். தம்பி அனுப்பிச்சிகீறாரு. ஒரு கையெழுத்துப் போடுங்க."

பொட்டலத்தின் ஒரு மூலை கிழிந்திருந்தது. உள்ளே கறுப்பு தெரிந்தது. வெறும் கறுப்பல்ல, ஈரமான கல்லைப்போல ஒரு கறுப்பு. நான் ஆரணியில் பிறந்தவன், அப்படி ஒரு பட்டை அதுவரை பார்த்ததில்லை. அவன் கை அதைச் செய்திருக்கிறது என்று பார்த்தவுடன் புரிந்தது.

"உள்ள முகூர்த்தப் பாவு ஏத்திகீது. கறுப்பு வரக்கூடாது. திருப்பி அனுப்பிடுங்க" என்றேன்.

"இன்னா சார் இது! அந்த மொனைக்கு அனுப்பிச்சா மறுபடி எங்க வரப்போவுது? எதிர்வீட்ல வச்சிட்டுப் போறேன். பொடவ எறங்குனதும் எடுத்துக்கங்க."

"சாஸ்திரம் தெரியாத மாதிரி பேசாதீங்க. கல்யாணம் நின்னுபோச்சின்னா உங்க வூட்டுப் பொண்ணுக்கா நஷ்டம்?"

"உங்க இஷ்டம் சார். தம்பி மனசு நொந்துக்கப் போறாரு. எழுதிக் குடுத்துடுங்க" என்றார் அவர்.

பெற மறுக்கப்பட்டது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல கையெழுத்து எனக்கு. அந்த நேரத்தில் என் சொந்தக் கறுப்புக் குடை எதிர்வீட்டு நடையில்தான் சாத்தியிருந்தது, பாப்பா. தினமும் அங்கே வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடையின் பக்கத்தில் ஒரு பொட்டலம் வைக்க இடம் இல்லாமலா போயிற்று? பழக்கத்துக்குப் பயந்து நான் அதைச் செய்யவில்லை. பழக்கம் எனக்குக் கையில் வசமாகக் கிடைத்தது, அவ்வளவுதான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பின்கட்டில் உன் அம்மாவும் அத்தையும் அப்பளத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து கடிதம் வரவில்லை. கல்யாணத்தன்று தாத்தா மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது, அந்தக் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இங்கிலீஷில் எழுதியது. அவன் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள், ஃபுமி என்று பெயர், அவர் சொல்லச் சொல்ல எழுதியிருந்தார். புயல் நாளில் சாயக்குட்டைக்குப் போகும் வழியில் அவனை ஹபு பாம்பு கடித்தது. மலைச்சாலை சரிந்து கிடந்ததால் ஆஸ்பத்திரிக்கு வண்டி போகவில்லை. கடலோரக் கிராமம், இன்னும் மண்ணில் புதைக்கிற ஊர், தங்கள் குடும்ப இடத்திலேயே புதைத்திருக்கிறோம் என்று இருந்தது. அப்புறம் ஒரு பத்தி. திரும்பி வந்த அந்தப் பொட்டலத்தில் அவன் வைத்திருந்த கடிதம் என்ன என்று அந்த அம்மாளிடம் அவன் சொல்லியிருக்கிறான். தங்கை கல்யாணத்துக்கு வரட்டுமா, நீ ஒரு வரி எழுது, ஓடி வந்துவிடுகிறேன் என்று எனக்கு எழுதியிருந்தான். துணி எனக்கு. அவன் முதல்முதலில் தனியாக முடித்த துணி. கரையில் நம் ஆரணிப் புடவையின் கோபுர வரிசையைப் போட்டிருந்தானாம். ஆசிரியருக்குக் கோபுரம் என்று தெரியவில்லை, சிறு முக்கோணங்கள் என்று எழுதியிருந்தார்.

இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் படித்துக்காட்டவில்லை. காட்டினால் பொட்டலம் வெளியே வந்துவிடும். ஒரு வாரம் யோசித்தேன், பிறகு சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னேன்: அவன் டோக்கியோவுக்குப் போய்விட்டானாம், அங்கேயே பெண் பார்த்துக்கொண்டானாம், இனி நம்மைத் தேடமாட்டான். தாத்தா தட்டிலேயே கை கழுவினார். "என் புள்ள அப்டி இல்லடா" என்றார். சாகும்வரை மூன்று வருடம் அதையே சொன்னார். அவர் சொன்னது நிஜம். நீ ஜப்பானுக்குக் கிளம்பும்போது சித்தப்பா விலாசம் கேட்டாய். தொலைந்துவிட்டது என்றேன். தொலையவில்லை. இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மறுபடி ஒரு கடிதம். அந்தக் கிராமத்தில் புதைத்த சில வருடம் கழித்து மண்ணைத் திறந்து, எலும்புகளை எடுத்து, வீட்டுப் பெண்கள் தண்ணீரில் கழுவி, வெயில் படாமல் மேலே குடை பிடித்து, ஒரு ஜாடியில் மறுபடி வைப்பார்களாம். அப்படிக் கழுவும்வரை செத்தவர் வழியிலேயே நிற்கிறார் என்று நம்பிக்கை. ஏழாம் வருடம் ஆகிவிட்டது, சொந்தத்தில் ஒரு பெண் வந்து கையால் தொடவேண்டும், உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், பதின்மூன்றாம் வருடம்வரை காத்திருப்பேன், துணியும் என்னிடம்தான் இருக்கிறது என்று ஃபுமி அம்மாள் கேட்டிருந்தார். பதில் எழுதவில்லை. வரலாற்றுப் பாடப் புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன்.

அந்தக் கடிதம் வந்த பிறகுதான் தறிக்கூடத்தில் ஆரம்பித்தது. பட்டப்பகலில், பாப்பா. தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருப்பார்கள், விசைத்தறிச் சத்தம் காதைக் கிழிக்கும், நான் ஏதோ எடுக்க உள்ளே போவேன். தறிக்குழியின் ஓரத்தில் ஒருவன் குந்தியிருப்பான். முதுகு என் பக்கம். முழங்கால் இரண்டும் காதுக்கு மேலே. திரும்பிப் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. கிட்டே போனால் இருக்கமாட்டான், குழியில் ஈரச் சேற்று வாசனை மட்டும் இருக்கும், மழை பெய்து மாதக்கணக்கான நாளிலும். எம்.ஏ. படித்தவன் எழுதுகிறேன், சிரிக்காதே. வாசற்படி ஏறாமல் அவன் எப்படி உள்ளே வந்தான் என்று ஒருநாள் யோசித்தேன். பிறகு புரிந்தது, அவன் வந்தவன் இல்லை. போகமுடியாமல் இருப்பவன்.

நேற்று மதியம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும், "அப்போ இத்தினி வருஷமா அந்தப் புள்ளைக்கு ஒரு திதி குடுக்கல. ஒரு வாய் சோறு வைக்கல. உயிரோட கீதுன்னு நெனச்சிகினு, தீபாவளிக்குத் தீபாவளி நான் நல்லா இருக்கட்டும்னு வேண்டிகினு இருந்தேன்" என்றாள். அப்புறம், "நீங்க கூப்புட்டிருந்தா வந்திருப்பான் இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். இன்று காலை மொட்டைமாடியில் இலை போட்டுச் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, படியில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி இறங்கிப் போனாள்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும். கோபம் வந்தால் கத்திவிடு, பாப்பா. நான் கத்தவில்லை, சட்டம் பேசினேன், சாஸ்திரம் பேசினேன், அழகான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு அவன்மேல் பொறாமை முழுதாகப் போகவில்லை. நான் மனப்பாடம் செய்த மலையடியில் அவன் படுத்திருக்கிறான். இப்படிப்பட்டவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தகுதி கிடையாது, அதனால் உன்னிடமும் கேட்கவில்லை.

நீ அந்தக் கிராமத்துக்குப் போ. ஃபுமி அம்மாள் நீ யார் என்று கேட்டால், துணியைத் திருப்பி அனுப்பியவரின் மகள் என்று சொல். அவர் கதவைச் சாத்தினால் வாசலிலேயே நில். திறந்தால், கழுவும் நாள் எது என்று கேள். அந்த வேலையை நம் வீட்டில் செய்யக்கூடியவள் நீ ஒருத்திதான். உன் அத்தை கட்டிக்கொடுத்த வீட்டைச் சேர்ந்தவள், உன் அம்மா இந்த வயதில் அவ்வளவு தூரம் வரமாட்டாள், எனக்கு அனுமதி கிடையாது. ஊரே பார்த்திருக்க, கறுப்புக் குடையைத்தான் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். தலையை எடுத்துக் கையில் ஏந்தும்போது பயப்படாதே, ஏழு வயதில் நீ மடியைவிட்டு இறங்கமாட்டேன் என்று கட்டிக்கொண்டிருந்த சித்தப்பாதான் அது. அவர்கள் பாஷையில் அவர்கள் சொல்வதைச் சொல்லட்டும். நீ நம் பாஷையில், ஆரணியில் பேசுகிற மாதிரியே, அவன் காதுக்குக் கேட்கிற மாதிரி சொல்லு:

"சித்தப்பா, அப்பா கூப்புட்டாரு. வா."